பி2 வாங்கியாச்சு, கேக் வாங்கத் தெரியவில்லை: இரண்டாம் மொழியில் இடம் பொருள் ஏவல்

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போகிற ஆள்தான், முதல் முறையாக எழுதுகிறேன்.

நான் செவிலியர். ஜெர்மனிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஜெர்மன் மொழிக்கான பி2 தேர்வை ஊரிலேயே நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். டெர், டீ, டாஸ் என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற பால் குறிகள் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வார்டில் என் ஜெர்மன் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு ஒரு முறையாவது ஏதோ ஒன்று கோணலாகப் போகிறது. நான்கு சம்பவம் சொல்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

ஒன்று. கூட வேலை பார்ப்பவரின் பிறந்தநாள். கேக் தட்டை நீட்டினார். நான் சிரித்துக்கொண்டே "டாங்கே" என்றேன். அவரும் சிரித்துவிட்டுத் தட்டை அடுத்தவரிடம் கொண்டுபோய்விட்டார். எட்டு மணி நேர நிற்கிற வேலைக்கு நடுவில் அந்தக் கேக்கை நான் எவ்வளவு ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டு. வார்டு பொறுப்பாளர் சனிக்கிழமை ஒரு ஷிப்டுக்கு ஆள் இல்லை, வர முடியுமா என்று கேட்டார். எனக்கு முடியாது. முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? "முயற்சி செய்கிறேன்" என்று ஜெர்மனில் சொன்னேன். சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு போன். எங்கே இருக்கிறாய், ஏன் வரவில்லை என்று. நான் ஒத்துக்கொண்டதாக அவர் நினைத்திருக்கிறார். நான் மறுத்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

மூன்று. ஒரு பாண்டேஜ் ரோலை எடுத்துத் தரச் சொல்லி பக்கத்தில் நின்றவரிடம், வகுப்பில் படித்த மிக மரியாதையான வாக்கியத்தில் கேட்டேன். "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், தயவுசெய்து, ஒருவேளை..." என்று ஆரம்பிக்கிற வாக்கியம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார்.

நான்கு. ஒரு முதியவர் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். நம் ஊர் வழக்கப்படி தலையை இடம் வலமாக ஆட்டிவிட்டு எடுத்துவரப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் மணியை அடித்து வேறொருவரைக் கூப்பிட்டு, நான் தண்ணீர் தர மறுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை. அப்புறம் ஏன் இப்படி?

---

டோஹ்_அக்கா | ஞாயிறு, இரவு 11.05

தங்கச்சி, முதலில் மன்னிப்பு. நான் சென்னையில் பதினோரு வருடமாக ஜெர்மன் சொல்லித்தருகிறவள். உன்னைப் போன்ற செவிலியர்களை வரிசையாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கேக் விஷயத்தை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

எதையாவது நீட்டும்போது "டாங்கே" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் "வேண்டாம், நன்றி" என்றுதான் அர்த்தம். வேண்டுமென்றால் "பிட்டே" (தயவுசெய்து) அல்லது "யா, கெர்ன்" (ஆமாம், சந்தோஷமாக) என்று சொல்ல வேண்டும். அகராதியில் டாங்கே என்றால் நன்றி. அகராதி பொய் சொல்லவில்லை. அந்த நன்றி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் அது சொல்வதில்லை.

பாண்டேஜ் விஷயம் முழுக்க எங்கள் தவறு. மரியாதைக்கு 'க்யொன்டன்' (முடியுமா) போடு, இன்னும் மரியாதைக்கு இன்னும் நீட்டு என்று சொல்லித்தருகிறோம். பிள்ளைகள் மரியாதையை அடி ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். ஒரே வார்டில், ஒருவரை ஒருவர் 'டு' (நீ) என்று அழைக்கிற இடத்தில், கைக்கெட்டும் பொருளுக்கு அவ்வளவு நீளமாகக் கேட்டால் ஒன்று கிண்டல், இல்லை கோபம். நம் வீட்டில் அண்ணன் திடீரென்று "தாங்கள் அந்த உப்பை எடுத்துத் தர இயலுமா?" என்று கேட்டால் உனக்கு எப்படி இருக்கும்?

அங்கே வேண்டியது 'மால்' என்ற குட்டிச் சொல். "கன்ஸ்ட் டு மிர் டாஸ் மால் கேபன்?" (அதை எடுத்துத் தர்றியா?) அவ்வளவுதான். மால் என்றால் என்ன என்று கேட்காதே, மொழிபெயர்க்க முடியாது. ஆனால் உனக்கு ஏற்கெனவே தெரியும். "கொஞ்சம் கதவை மூடுங்க" என்கிறோமே, கதவைக் கால்வாசி மூடவா சொல்கிறோம்? அந்தக் 'கொஞ்சம்' கதவுக்கு இல்லை, கட்டளைக்கு. கட்டளையின் முனையை மழுக்குகிறது. மாலும் அப்படித்தான்.

என் பெயரில் இருக்கிற 'டோஹ்'வும் அப்படி ஒன்று. "கோம் டோஹ்!" என்பதைப் பாடநூலில் "வா, கண்டிப்பாக" என்று போட்டிருப்பார்கள். அபத்தம். அது "வாயேன்!" "ஸெட்ஸன் ஸீ ஸிஹ் டோஹ்" என்றால் "உட்காருங்களேன்". நம் ஏகாரம் செய்கிற வேலையை அங்கே டோஹ் செய்கிறது. இதை நான் கண்டுபிடிக்க எட்டு வருடம் ஆனது. ஏனென்றால் நான் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகப் படித்தவள். ஆங்கிலத்தில் அந்த ஏகாரத்துக்கு இடமே இல்லை.

---

வெட்டிப்பேச்சு | ஞாயிறு, இரவு 11.31

எனக்கு ஒன்று புரியவில்லை. ஆள் இல்லை என்று கூப்பிட்டது அவர்கள். போனது நாம். அவர்கள் மொழியையும் படித்து, பரீட்சை எழுதி, அதற்கு மேல் அவர்கள் கேக் நீட்டுகிற விதத்தையும் நாம்தான் படிக்க வேண்டுமா? ஒரு பெண் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னால் அவளுக்குக் கேக் வேண்டும் என்று தெரியாதா?

---

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 11.48

அக்கா, "உட்காருங்களேன்" என்று படித்ததும் உண்மையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஏழு மாதமாக அந்த டோஹ் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, ஏதோ திட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

---

அடிக்குறிப்பு | திங்கள், காலை 6.20

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு பிராக்மேட்டிக்ஸ் என்று பெயர். தமிழில் வேறு வேறு கலைச்சொல் வைத்திருக்கிறார்கள். எனக்கு 'இடம் பொருள் ஏவல்' போதும். (யாராவது அவையறிதல் அதிகாரத்திலிருந்து குறள் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஆமாம், இருக்கிறது. மேலே போவோம்.)

இரவுப்பணி சொன்ன நான்கும் ஒரே வகைத் தப்பு இல்லை. ஜென்னி தாமஸ் என்பவர் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை இரண்டாகப் பிரித்தார். ஒரு வகையில், சொல்ல வந்த எண்ணம் சரி, தேர்ந்தெடுத்த சொல்லுக்கு அந்த ஊரில் வேறு எடை. கேக்கும் பாண்டேஜும் அது. இரண்டாவது வகையில், சொல் மட்டுமல்ல, எது மரியாதை, யார் யாருக்கு எவ்வளவு கடமைப்பட்டவர், எதைக் கேட்பது பெரிய உதவி என்கிற கணக்கே வேறு. சனிக்கிழமை ஷிப்டு அது. நம் கணக்கில் மேலதிகாரியிடம் நேராக முடியாது என்பது அவமதிப்பு. அவர் கணக்கில் வராமல் போவதுதான் அவமதிப்பு. முடியாது என்பது வெறும் தகவல். அவர் உடனே அடுத்த ஆளுக்கு போன் போட்டிருப்பார்.

முதல் வகையைக் கிட்டத்தட்ட இலக்கணம் போலவே சொல்லித்தரலாம். இரண்டாவதில் ஆசிரியர் கைவைத்தால், உன் வளர்ப்பே தப்பு என்று சொல்வது போல ஆகிவிடும். தாமஸும் அதைத்தான் எச்சரித்தார். தெரியாமல் முரட்டுத்தனமாகவோ தெரியாமல் அடிமைத்தனமாகவோ பேசிவிடாதபடி காப்பதுதான் ஆசிரியர் வேலை. தெரிந்தே முரடாகப் பேச விரும்பினால் அது மாணவர் உரிமை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். இலக்கணப் பிழை விட்டால், பாவம் மொழி தெரியவில்லை என்பார்கள். இந்தப் பிழை விட்டால் ஆளே சரியில்லை என்பார்கள். அதுவும் இலக்கணம் எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. உங்கள் ஜெர்மன் திக்கித் திணறி இருந்திருந்தால், அந்தப் பொறுப்பாளர் "வருவாய்தானே?" என்று மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்திருப்பார். நன்றாகப் பேசுகிறீர்கள், அதனால் நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

வெட்டிப்பேச்சுக்கு: கோபம் நியாயம்தான். ஜான் கம்பர்ஸ் 1982இல் வெளியிட்ட நூலில் ஒரு சம்பவம் வருகிறது. பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகம். புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிடுசிடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று புகார். பதிவு செய்து கேட்டுப் பார்த்தால், அவர்கள் பேசுவதே ஒரு சொல்தான். இறைச்சி வாங்குகிறவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பெண்கள் 'கிரேவி?' என்று குரலை ஏற்றிச் சொல்வார்கள். இவர்கள் 'கிரேவி.' என்று இறக்கிச் சொன்னார்கள். வாங்குகிறவருக்கு அது 'இதுதான் கிரேவி, எடுத்துக்கொண்டு போ' என்று கேட்டது.

நம் பந்தியை நினைத்துப் பாருங்கள். வாளியோடு வருகிறவர் "சாம்பார், சாம்பார்" என்று சொல்லிக்கொண்டே போவார். கேள்வியே இல்லை. யாருக்காவது கோபம் வருகிறதா?

அங்கே என்ன செய்தார்கள் என்பதுதான் உங்களுக்கான பதில். பெண்களை மட்டும் உட்கார வைத்துத் திருத்தவில்லை. ஒலிப்பதிவை அவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முதலில் அவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை, இரண்டும் ஒன்றுதானே என்றார்கள். விளக்கிய பிறகு, இத்தனை நாள் தங்களைப் பார்த்து முகம் ஏன் சுளித்தார்கள் என்று புரிந்தது. மேற்பார்வையாளர்களும் கேட்டார்கள், அந்தப் பெண்கள் வேண்டுமென்றே செய்யவில்லை என்று அவர்களுக்கும் புரிந்தது. தெரியாத வரைக்கும் இரண்டு பக்கமும் எதிராளியின் குணத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தன.

---

வெட்டிப்பேச்சு | திங்கள், காலை 8.02

சரி, இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள் என்றால் ஒத்துக்கொள்கிறேன். எத்தனை மருத்துவமனையில் அப்படி உட்காருகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது.

---

சோட்டோ_சாமி | திங்கள், மதியம் 12.40

டோக்கியோவிலிருந்து. மென்பொருள் வேலை, ஆறு வருடம். எனக்கு நேர்ந்தது தலைகீழ்.

அக்கா 'கொஞ்சம்' என்றதும் கை பரபரத்தது. ஜப்பானியத்தில் 'சோட்டோ' என்றால் கொஞ்சம். ஒருவரிடம் சனிக்கிழமை வருகிறீர்களா என்று கேட்டால், "சனிக்கிழமை சோட்டோ..." என்று இழுத்து நிறுத்துவார். நான் அந்த 'கொஞ்சம்' என்பதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் வராது. அதுதான் மறுப்பு. முழுசாகவே முடிந்துவிட்டது.

வாடிக்கையாளர் "பரிசீலிக்கிறோம்" என்று சொன்னதை நம்பி என் மேலாளருக்கு உற்சாகமாக மின்னஞ்சல் போட்டேன். மேலாளர் ஜப்பானியர். என்னைத் தனியாக அழைத்து, ரொம்ப மென்மையாக, அது நடக்காது என்று விளக்கினார். அதைவிட மோசம் 'ஹை' (ஆமாம்). நான் பேசப் பேச "ஹை, ஹை" என்கிறார்கள், எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று நினைத்தேன். அது நம் போன் பேச்சில் வருகிற "ம்... ம்..." தான். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், "பார்க்கிறேன்" என்றால் முடியாது என்று அர்த்தம் வைத்திருக்கிற ஊரிலிருந்து போனவன் நான். எனக்கு இது முதல் நாளே பிடிபட்டிருக்க வேண்டும். தமிழில் தெரிந்தது ஜப்பானியத்தில் தெரியவில்லை. வெளிநாட்டு மொழி என்றதும் ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ப்பொருள்தான் இருக்கும் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது போல.

---

லக்னோ_மருமகள் | திங்கள், மாலை 5.15

நான் தமிழை இரண்டாம் மொழியாகப் படித்தவள். கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்து பதினான்கு வருடம். தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

வந்த புதிதில் ஒரு நாள் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "அத்தை, நான் போறேன்" என்றேன். இலக்கணம் சரி. அத்தை எழுந்தே வந்துவிட்டார்கள். "போயிட்டு வர்றேன்னு சொல்லும்மா." அதேபோல் மாமா வெளியே கிளம்பும்போது அக்கறையாக "எங்கே போறீங்க?" என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போனார். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

ஆனால் எனக்குப் பிடிபட ரொம்ப வருடம் ஆனது வேறு ஒன்று. நாங்க, நாம. புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. கேட்பவரைச் சேர்த்தால் நாம, சேர்க்காவிட்டால் நாங்க. பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன். என் அப்பா வந்திருந்தபோது, அத்தை பக்கத்தில் நிற்க, பக்கத்து வீட்டுக்காரரிடம் "எங்க வீட்டுல எல்லாரும் கோதுமைதான் சாப்பிடுவாங்க" என்றேன். லக்னோ வீட்டைச் சொன்னேன். அதில் தப்பில்லை. அப்புறம் அத்தையிடமே திரும்பி "எங்க வீட்டுச் சமையலறை சின்னது" என்றேன். நான் சொன்னது நாங்கள் நின்றுகொண்டிருந்த வீட்டை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, நாத்தனார் மகன், ஏழு வயது, என்னைத் திருத்தினான். "அத்தை, நம்ம வீடுன்னு சொல்லணும். எங்க வீடுன்னா ஆச்சிக்கு இல்லைன்னு அர்த்தம்." பெரியவர்கள் யாரும் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதற்கு மேலும் இருக்கிறது. முதல் முறை வருகிற விருந்தாளியிடம்கூட "நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க", "நம்ம பையன்தான் டாக்டருக்குப் படிக்கிறான்" என்கிறார்கள். விருந்தாளிக்கும் அந்தப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? கணக்குப்படி 'எங்க பையன்' தான் சரி. ஆனால் சொன்னால் கதவைச் சாத்தியது போல இருக்கும். இது எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

---

டோஹ்_அக்கா | திங்கள், மாலை 5.50

லக்னோ_மருமகள், நான் ஐம்பத்திரண்டு வருடமாகத் தமிழ் பேசுகிறேன். 'நம்ம பையன்' விஷயத்தை இன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தேன்.

---

நொய்யல்கரை | திங்கள், மாலை 6.33

கோயமுத்தூர்க்காரனுங்க. அடிக்குறிப்பு அண்ணன் ஒரு விஷயத்தை விட்டுட்டாருங்க. உலகம் முழுக்க மரியாதைப் பேச்சைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும் முதலில் பெயர் சொல்கிற நூல் பிரவுன், லெவின்சன் இருவரும் எழுதியது. 1978இல் நீண்ட கட்டுரையாக வந்தது, 1987இல் தனி நூலானது. அதில் எடுத்துக்காட்டுகளுக்கு மூன்று மொழி. ஒன்று ஆங்கிலம், ஒன்று மெக்சிகோவின் ட்ஸெல்டால், மூன்றாவது தமிழ். அந்தத் தமிழ் எங்கள் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சேகரித்ததுங்க. எங்கள் 'ங்க' இல்லாமல் உலகத்து மரியாதைக் கோட்பாடே இல்லைன்னு கல்லூரியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

---

அடிக்குறிப்பு | திங்கள், இரவு 9.10

நொய்யல்கரை சொன்னது சரி, பெருமை கொஞ்சம் தூக்கல் என்றாலும். அந்தக் கோட்பாட்டை ஜப்பானிய அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மட்ஸுமோட்டோ 1988இல், சச்சிகோ இடே 1989இல். அவர்கள் வாதம், மரியாதை என்பது ஒவ்வொரு முறையும் தனிமனிதர் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற உத்தி இல்லை, பல சமயம் உன் இடம் எது என்று அறிந்து நடப்பது. லக்னோ அக்காவின் 'போயிட்டு வர்றேன்' இப்படி இடம் அறிந்து நடக்கிற வகை. அதில் உத்தி என்ன இருக்கிறது?

லக்னோ அக்காவிடம் இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டிலேயே இருந்தார், நாள் முழுக்கத் தமிழ் கேட்டார், ஆனாலும் அந்தச் சிறுவன் சொல்கிற வரைக்கும் 'நம்ம' கண்ணில் படவில்லை. ரிச்சர்ட் ஷ்மிட் என்ற ஆய்வாளர் வாழ்நாளெல்லாம் சொன்னது இதைத்தான். கவனத்தில் படாதது கற்றலாக மாறாது. சும்மா அந்த ஊரில் இருந்தால் தானாக வந்துவிடும் என்பது பாதி உண்மை.

ஷ்மிட் 1983இல் எழுதிய ஆய்வில் வெஸ் என்று பெயர் மாற்றப்பட்ட ஒருவர் வருகிறார். ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர். மூன்று வருடம் கவனித்தார். ஆங்கில இலக்கணம் ஏறக்குறைய நகரவே இல்லை. ஆனால் வெஸ் நண்பர்களோடு சிரித்துப் பேசி, வேலையை முடித்துக்கொண்டு, சந்தோஷமாக இருந்தார். இரவுப்பணிக்கு நேர் எதிர். அவரிடமும் ஓட்டை உண்டு. உட்காரலாமா என்று கேட்க "சிட்டிங்?" என்பார். பழகியவர்களுக்குப் புரியும். இலக்கணமும் இடம் பொருள் ஏவலும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரம் போல ஒன்றாக உருளும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெஸ் பெரிய தலைவலி.

---

இரவுப்பணி | திங்கள், இரவு 9.41

எனக்கு எவ்வளவு காலம் ஆகும், அதைச் சொல்லுங்கள். பத்து வருடம் என்றால் ஊருக்கே வந்துவிடுகிறேன்.

---

அடிக்குறிப்பு | திங்கள், இரவு 10.26

பயமுறுத்துகிற பதில் முதலில். இஸ்ரேலில் குடியேறியவர்களை வைத்து 1985இல் ஓல்ஷ்டைனும் பிளம்-குல்காவும் செய்த ஆய்வில், எவ்வளவு நேரடியாகப் பேசலாம் என்ற விஷயத்தில் உள்ளூர்க்காரர்களின் தீர்ப்போடு நெருங்கி வந்தவர்கள் பத்தாண்டு அளவில் அங்கே வாழ்ந்தவர்கள்தான்.

இனி நல்ல பதில். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களை லாரன்ஸ் பவுட்டன் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார். மறைபொருளாகச் சொல்வதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதில் ஒரு வகை, கேட்ட கேள்விக்குப் பதிலாக, விடை ஊருக்கே தெரிந்த இன்னொரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது. "சினிமாவுக்கு வர்றியா?" என்றால் "கரும்பு தின்னக் கூலியா?" என்கிறோமே, அது. தானாகப் பழகி வருவதற்கு வருடக்கணக்கில் ஆன இந்த வகை, வகுப்பில் எடுத்துச் சொன்னதும் சில வாரத்தில் வந்துவிட்டது. எனவே யாராவது சொல்லித்தந்தால் பத்து வருடம் சுருங்கும்.

உங்கள் கேக்குக்கு மிக நெருக்கமான ஆய்வும் இருக்கிறது. ஆன் பேரன் 2003இல் வெளியிட்ட நூல். ஜெர்மனியில் ஓராண்டு படிக்கப் போன ஐரிஷ் மாணவர்கள். அயர்லாந்தும் நம் ஊர் மாதிரிதான். முதல் முறை நீட்டினால் மறுக்க வேண்டும், நீட்டியவர் மறுபடி வற்புறுத்த வேண்டும், அப்புறம்தான் வாங்க வேண்டும். ஜெர்மனியில் அந்த இரண்டாவது சுற்று கிடையாது. ஆண்டு முடிவில் அந்த மாணவர்கள் மறுபடி மறுபடி வற்புறுத்துவது குறைந்திருந்தது. எல்லாவற்றிலும் அப்படி முன்னேறவில்லை, சிலவற்றில் ஜெர்மானியர்களை விட்டு இன்னும் விலகிக்கூடப் போனார்கள். ஆனால் இது மாறியது. பட்டினி நல்ல ஆசிரியர் போலிருக்கிறது.

---

டோஹ்_அக்கா | செவ்வாய், காலை 7.15

ஒரு சின்ன மறுப்பு. வகுப்பில் சொன்னால் வந்துவிடும் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள் தம்பி. தேர்வு என்ன கேட்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். பி2 பேச்சுத் தேர்வில் ஒரு சிற்றுரை, ஒரு விவாதம். நகரத்தில் கார் வேண்டுமா வேண்டாமா என்று அழகாக வாதாடுவார்கள். வார்டில் எவனும் அதைக் கேட்கப் போவதில்லை. மேலதிகாரிக்கு மறுப்புச் சொல்வது, தவறு நடந்தால் தெரிவிப்பது, "எஸ் கேட்" (பரவாயில்லை) என்று முனகுகிற நோயாளி உண்மையில் நன்றாக இல்லை என்று புரிந்துகொள்வது, இதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை.

---

அடிக்குறிப்பு | செவ்வாய், காலை 7.52

அதற்கும் சாட்சி இருக்கிறது அக்கா. பார்டோவி-ஹார்லிக், டொர்ன்யெய் இருவரும் 1998இல் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். சில காட்சியில் இலக்கணப் பிழை, சில காட்சியில் இலக்கணம் சரியாக இருந்து பேச்சு முறை பிழை. எது பெரிய தப்பு என்று கேட்டார்கள். அமெரிக்காவில் இருந்து ஆங்கிலம் படித்தவர்கள் பேச்சு முறைப் பிழைதான் பெரிது என்றார்கள். ஹங்கேரியில் இருந்து படித்தவர்கள் இலக்கணப் பிழை பெரிது என்றார்கள். அவர்களுடைய ஆசிரியர்களும் அப்படியே.

---

டோஹ்_அக்கா | செவ்வாய், காலை 7.55

ஆசிரியர்களும் அப்படியே என்பதைத் தனியாகப் போட்டு என்னைக் குத்த வேண்டியதில்லை :)

---

ஈஸார்_கரை | செவ்வாய், இரவு 8.30

மியூனிக்கில் எட்டு வருடம். இதன் மறுபக்கத்தை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவின் நண்பர் வந்தார். "காபி சாப்பிடுறீங்களா மாமா?" என்றேன். "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்றார். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே. ஏற்கெனவே பால் அடுப்பில் ஏறியிருந்தது. அவர் போன பிறகு, "ஒரு வாய் காபிக்குக்கூட வழியில்லாத வீடுன்னு நினைச்சிருப்பாரே" என்று அரை மணி நேரம். எனக்கு உண்மையிலேயே அவர் வேண்டாம் என்கிறார் என்றுதான் பட்டது.

---

வெட்டிப்பேச்சு | செவ்வாய், இரவு 8.44

இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன். இவ்வளவு மாறினால் நாம் யார்?

---

அடிக்குறிப்பு | செவ்வாய், இரவு 9.30

முழுசாக மாற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஜப்பானில் இருந்த மேலைநாட்டுப் பெண்களை மெரில் சீகல் 1990களில் ஆராய்ந்தார். பெண்கள் பேச வேண்டிய மிகப் பணிவான பேச்சு முறையை அறிந்தும், தங்களுக்கு ஒவ்வாது என்று விலகி நின்றவர்கள் அதில் உண்டு. அது தோல்வி இல்லை, தெரிந்தே எடுத்த முடிவு. அதற்கான விலையும் அவர்களுக்குத் தெரியும். கேக் தட்டு தாண்டிப் போனது தெரிந்தே எடுத்த முடிவா என்பதுதான் என் கேள்வி.

---

சோட்டோ_சாமி | செவ்வாய், இரவு 10.02

நடைமுறைக்கு ஒன்று. நான் செய்தது, மற்றவர்கள் மறுப்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். மூன்று மாதம். யார், யாரிடம், எதை, எப்படி மறுத்தார், அதற்குப் பிறகு என்ன நடந்தது. நாற்பது மறுப்புக்குள் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஏற்பதை எழுதாதீர்கள், அது எல்லா ஊரிலும் சுலபம்.

---

லக்னோ_மருமகள் | செவ்வாய், இரவு 10.20

வார்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நான் தப்பாகப் பேசினால் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு தங்கச்சி. எனக்கு ஏழு வயதுப் பிள்ளை கிடைத்தது அதிர்ஷ்டம்.

---

இரவுப்பணி | அடுத்த திங்கள், இரவு 11.20

ஒரு வாரம் எழுதவில்லை, நைட் ஷிப்டு.

நோட்டு ஆரம்பித்தேன். இருபத்திரண்டு மறுப்பு ஆகிவிட்டது. பதினாறில் காரணமே சொல்லவில்லை. "சனிக்கிழமை முடியாது" என்பதோடு முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று எதுவும் கிடையாது.

தண்ணீர் கேட்ட முதியவரிடம் போய்த் தலையாட்டலை விளக்கினேன். அவர் ஆட்டிப் பார்த்தார், வரவில்லை. இப்போது நான் அறைக்குள் போனாலே ஆட்டுகிறார்.

நேற்று பொறுப்பாளர் மறுபடி ஒரு ஷிப்டுக்குக் கேட்டார். நோட்டில் இருந்தபடியே, "வெள்ளிக்கிழமை என்னால் முடியாது" என்றேன். காரணம் தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் "ஆலெஸ் க்ளார்" (சரி, புரிந்தது) என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நான் ஷிப்டு முடியும் வரை அவர் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே இல்லை. மதியம் என்னிடம் வந்து பேனா கேட்டார்.

அடுத்த மாதம் என் பிறந்தநாள். இங்கே பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் கொண்டுவர வேண்டுமாம். கேசரி கிண்டலாமா?

---

டோஹ்_அக்கா | அடுத்த திங்கள், இரவு 11.34

தாராளமாக. முந்திரியைக் கொஞ்சம் தூக்கலாகப் போடு, அந்தக் 'கொஞ்சம்' இல்லை, நிஜமாகவே. ஆனால் ஒன்று. "நைன், டாங்கே" (வேண்டாம், நன்றி) என்று யாராவது சொன்னால் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். இரண்டாவது தடவை கேட்கக் கூடாது.

---

இரவுப்பணி | அடுத்த திங்கள், இரவு 11.36

ஒரே ஒரு தடவை, "ருசி மட்டும் பாருங்களேன்" என்றுகூடவா?

---

டோஹ்_அக்கா | அடுத்த திங்கள், இரவு 11.37

கூடாது.

---

இரவுப்பணி | அடுத்த திங்கள், இரவு 11.37

சரி அக்கா. பார்க்கிறேன்.